கோழி மாத்திரை

என் தங்கையின் பற்களைக் கெடுத்தது என் சித்தப்பா. தண்ணீர் இல்லை. எண்ணூர்ப் பக்கத்துக் காற்று இல்லை. அவள் ஒழுங்காகப் பல் தேய்க்காததும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக எங்கள் வீட்டில் இந்த மூன்றில் ஒன்றைத்தான் காரணமாகச் சொல்லி வருகிறோம். தண்ணீர்தான் என்று முதலில் ஆரம்பித்து வைத்ததே சித்தப்பா.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் அவருக்குச் சால்வை போடப்போகிறார்கள். அவர் சொந்தமாக மருந்துக் கடை வைத்துப் பதினைந்து வருடம் ஆகிறதாம். தெருமுனையில் பேனர் கட்டியாகிவிட்டது. 'ஏழைகளின் டாக்டர்' என்று பெரிய எழுத்து. படத்தில் அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்குகிறது. அது கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. கீழே வரிசையாகக் குடும்பத்தார் படங்கள். என் படமும் இருக்கிறது, என்னைக் கேட்காமலே. என் தங்கை வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறாள். அவள் எந்தப் படத்திலும் அப்படித்தான் நிற்பாள்.

அந்தப் பேனரைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இதெல்லாம் நடந்தபோது எனக்கு எட்டு வயது, தங்கைக்கு இரண்டு. விம்கோ நகரில் மூடிப்போன கம்பெனி ஒன்றின் பின்சுவரை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஆறடிச் சந்து. அதில்தான் கோழிகள். ஏழு பெட்டை, ஒரு சேவல். நைனா டிரெய்லர் லாரி ஓட்டினார். துறைமுக கேட்டில் லாரிகள் இரண்டு நாள், மூன்று நாள் வரிசையில் நிற்கும். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் நிற்பார், ஆனால் வண்டியை விட்டுவிட்டு வர முடியாது, வந்தால் வரிசை போய்விடும். எப்போதாவது வரும்போது கப்பலில் சாமான் கட்டி வந்த பலகைகளைக் கொண்டுவருவார். அந்தப் பலகைகளில்தான் கோழிக்கூண்டு அடித்தார். கூண்டு முழுக்கச் சீன எழுத்து இருக்கும்.

தங்கை எட்டாம் மாதத்திலேயே பிறந்தவள். கையில் எடுத்தால் பூனைக்குட்டி கனம்தான் இருப்பாள். சோறு தின்ன ஆரம்பித்ததும் தினம் ஒரு முட்டை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கடை முட்டை ஆகாது, நாட்டு முட்டைதான் வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. கோழி வளர்த்ததே அந்த ஒரு முட்டைக்காகத்தான். எனக்கு அந்த முட்டையில் பங்கு கிடையாது. உரிக்கும்போது ஓட்டில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைதான் எனக்கு. அதற்கும் நான் காத்திருப்பேன்.

காலையில் கூண்டைத் திறப்பது என் வேலை. மழைக்காலத்தில் கோழிக்குக் குளிரக் கூடாது என்று அம்மா கூண்டின் மேல் லாரித் தார்ப்பாயைப் போர்த்தி, நான்கு பக்கமும் செங்கல் வைத்து அடைத்துவிடுவாள். ஒரு பூச்சி நுழைய வழி இருக்காது. விடிந்ததும் தார்ப்பாயைத் தூக்கினால் எச்ச வாடை கண்ணில் குத்தும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டு ஓடிவருவேன். ராத்திரி முழுக்க அதற்குள்ளேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்த கோழிகளைப் பற்றி நான் யோசித்ததில்லை. யாருமே யோசிக்கவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கூண்டுக்குள்ளிருந்து கறகறவென்று சத்தம் கேட்டது. அம்மாவிடம் ஓடிப்போய், கோழி குறட்டை விடுகிறது என்றேன்.

"கோயி இன்னாத்துக்குடி கொறட்ட உடும்? உங்க நைனாவா அது?" என்றாள்.

வந்து பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சிவப்புப் பெட்டையின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொரு கண்ணில் சோப்பு நுரை மாதிரி நுரை. மூக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. மற்றவை தும்மின. கோழி தும்மி நான் பார்த்தது அன்றுதான் முதல். சிரித்தேன், முதுகில் ஓர் அடி விழுந்தது.

அம்மா மஞ்சளும் மிளகும் சின்ன வெங்காயமும் அரைத்து உருட்டிக் கொடுத்தாள். வேப்பிலைப் புகை போட்டாள், அதுவும் தார்ப்பாயை மூடிவைத்தே. நான்காம் நாள் சிவப்புப் பெட்டை செத்துப்போனது. மற்றவை முட்டையை நிறுத்திவிட்டன. தங்கைக்கு முட்டை இல்லை. அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கோழிகளைத் திட்டினாள். கோழியைத் திட்டுகிற சாக்கில் நைனாவையும் திட்டினாள்.

அப்போதுதான் சித்தப்பா தலையிட்டார்.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். கல்யாணம் ஆகாதவர். வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிற வேலை. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் இருப்பதைக் கூடக் கடகடவென்று வாசிப்பார். பள்ளிக்கூடத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது, தெரியாத வார்த்தை வந்தால் தாண்டிப்போய்விடுவேன். அதனால் அவரைக் கண்டால் எனக்கு அப்படி ஒரு பிரமிப்பு.

ஒரு பழைய கவரில் கை நிறையக் கேப்சூல் கொண்டுவந்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். அம்மாவுக்குச் சந்தேகம். மனுஷ மாத்திரையைக் கோழிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"தா பாரு அண்ணி. மனுசனுக்கு ஜல்புன்னா இன்னா, கோயிக்கு ஜல்புன்னா இன்னா. நெஞ்சு நெஞ்சுதான்."

கேப்சூலை இரண்டு விரலால் திருகிப் பிரித்தார். உள்ளே மஞ்சள் தூள். அதைப் பழைய சோற்றில் கொட்டிப் பிசைந்து உருட்டினார். அடுத்த வேளையிலிருந்து அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். என் விரல் சின்னது, கேப்சூல் நசுங்காமல் திருக வரும் என்றார். அன்றிலிருந்து என்னைக் கம்பவுண்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்தப் பேருக்காக நான் எதையும் செய்திருப்பேன். செய்தேன்.

ஒரு விஷயம் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இது கடைல தேதி போன சரக்கு. கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப கட்டி வச்சிருந்தது. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் பொயப்புல மண்ணு. யாராச்சும் கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு, இன்னா?"

எட்டு வயதில் ஒரு பெரியவரின் பிழைப்பு என் நாக்கில் இருக்கிறது என்றால் எப்படி இருக்கும். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் கறகற சத்தம் நின்றது. கண் திறந்தது. சேவல் பாதித் தொண்டையில் கூவியது. சத்தம் நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டோம். மிச்சத்தை அம்மா ஒரு காலி ஓமப் பொடி டப்பாவில் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு டப்பா உண்டு. வியாதி பாதி குணமானதும் மீதி மாத்திரை டப்பாவுக்குள் போய்விடும். அடுத்த தடவை யாருக்காவது வந்தால் அதிலிருந்து எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்கு வந்தாலும் எடுத்துக் கொடுக்கலாம். அதைச் சிக்கனம் என்று நினைத்தோம், நல்ல மனசு என்றும் நினைத்தோம்.

ஒரு வாரத்தில் கோழிகள் முட்டையிட்டன. முதல் முட்டையைத் தங்கைக்கு ஊட்டும்போது அம்மா அழுதாள். சித்தப்பா தெருவில் டாக்டர் ஆகிவிட்டார். வேலை முடிந்து அவர் வருகிற நேரத்துக்குக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அவர் அதன் அலகைப் பிளந்து பார்ப்பார், நெஞ்சில் காது வைத்துக் கேட்பார். பிறகு, "கம்பவுண்டரம்மா, ஒன்னு குடு" என்பார். நான் டப்பாவைத் திறப்பேன்.

எதிர்வீட்டு அக்கா மட்டும் வரவில்லை. அவருக்குப் பதினொரு கோழி. புருஷன் போன பிறகு முட்டை விற்றுத்தான் குடும்பம் நடந்தது. அதனால் விளையாட்டுக்கு இடம் கொடுக்கமாட்டார். ஒரு கோழியை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகிற ஒயர் கூடையில் போட்டு, தலை மட்டும் வெளியே தெரிய, பஸ் ஏறி அரசாங்கக் கால்நடை டாக்டரிடம் போனார். திரும்பி வந்து நேராக எங்கள் வாசலில் நின்றார்.

"அந்த டாக்டரு இன்னா சொல்றாரு தெரிமா? மொதல்ல தார்ப்பாய தூக்கிக் கடாசு, காத்து வுடுன்றாரு. மூடி வச்சா எச்ச வாடைலயே நெஞ்சு புண்ணாயிடுமாம். நோவு வந்தத தனியா வைக்கணுமாம். அவரு குடுத்த பவுடர அவரு சொன்ன நாளு முச்சூடும் குடுக்கணும். நல்லா ஆனா மாரி தெரியுதேன்னு பாதில நிறுத்துனா, நோவு போவாது, உள்ளயே குந்திகினு இருக்கும். இன்னொன்னு கேட்டுக்கோம்மா. மருந்து குடுக்குற நாள்ல, அப்பால அவரு சொல்ற வரிக்கும், முட்டைய துன்னவே கூடாதாம். புள்ளைங்களுக்கு ஆவவே ஆவாதாம்."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பா சிரித்தார்.

"அவரு மாட்டுக்கு ஊசி போட்றவரு. கோயிய பத்தி அவருக்கு இன்னா தெரியும்?"

"மாட்டு டாக்டருன்னாலும் படிச்சிட்டு வந்தவருடா. நீ அலமாரி தொடைக்கிறவன்" என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மா கூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சித்தப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். எனக்கு அக்காவின் மேல் கோபம் வந்தது. அவர் வீட்டு வாசலில் இருந்த கோலப்பொடி டப்பாவைக் காலால் தட்டிவிட்டு வந்தேன்.

அக்கா தார்ப்பாயைத் தூக்கி எறிந்தார். சொன்ன நாள் வரை பவுடரைத் தண்ணீரில் கலக்கினார். அந்த நாட்களின் முட்டையை விற்காமல் குழி தோண்டிப் புதைத்தார். முட்டையைப் புதைக்கிற பைத்தியம் என்று தெரு பேசியது. எங்கள் வீட்டில் தார்ப்பாய் அப்படியே இருந்தது. முட்டை தங்கையின் வாய்க்குப் போனது.

அடுத்த மாதம் தங்கைக்கு இருமல் வந்தது. ராத்திரியெல்லாம் இருமினாள். காலையில் அம்மா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தப்பாவின் முன்னால் நின்றாள். குழந்தையின் நெஞ்சில் சத்தம் கேட்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டாள்.

இந்த இடத்தை நான் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். அங்கே நாள் முழுக்க வரிசையில் நிற்க வைப்பார்கள், இல்லாத நோயும் ஒட்டிக்கொள்ளும் என்றார். பிறகு சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்து அந்த டப்பாவை எடுத்தார்.

"கோயிக்குக் குடுத்ததா தம்பி?" என்றாள் அம்மா.

அலமாரி துடைக்கிறவன் என்ற பேச்சு அவருக்குள் இருந்திருக்க வேண்டும். உள்ளே போய் மாத்திரைப் பெட்டிக்குள் வருகிற, பலமுறை மடித்த மெல்லிய காகிதத்தை எடுத்துவந்தார். தரையில் விரித்தார். எறும்பு ஊர்வது போல இங்கிலீஷ் எழுத்து. நான் குனிந்து பார்த்தேன், அம்மாவும் குனிந்தாள். அம்மாவுக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும்.

"தா, எயுதிகீது பாரு. இருமல். மூச்சுக்கொழா சளி. நெஞ்சுச் சளி. மனுசனுக்குத்தான் அண்ணி இது, கோயிக்கே நாமதான் ஓசில குடுத்தோம்."

ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியின் கீழும் வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. காகிதத்திலிருந்து மேலே எழுந்தது. இரண்டு வரி தள்ளிக் கீழே இறங்கியது. அங்கிருந்து மறுபடி வாசித்தார், ஒரு நாளைக்கு எத்தனை, சாப்பிட்ட பிறகா முன்பா என்று.

நான் அதைப் பார்த்தேன். அம்மா பார்க்கவில்லை, அவள் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் நன்றாகப் பார்த்தேன்.

வாழைப்பழத்தில் குழி பறித்து, பாதிக் கேப்சூல் தூளைக் கொட்டி, மூடி, தங்கைக்கு ஊட்டியது நான்தான். மீதிப் பாதியை அன்றே தும்மிக்கொண்டிருந்த ஒரு கோழிக்குச் சோற்றில் பிசைந்து கொடுத்ததும் நான்தான். ஒரே கேப்சூல், ஒரே விரல். நடுவில் கை கூடக் கழுவவில்லை. தங்கை துப்பினால் மூக்கைப் பிடிப்பேன். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அப்போது அவளுக்கு இருந்தவை பால் பற்கள், அரிசி மாதிரி வெள்ளையாக இருக்கும்.

இரண்டு நாளில் இருமல் அடங்கியது. மாத்திரையை நிறுத்தினோம். பத்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி டப்பா. அந்த மழைக்காலம் முழுக்க, பனிக்காலம் முழுக்க இப்படியே போனது. கோழிக்கு வந்தால் டப்பா, குழந்தைக்கு வந்தால் டப்பா. தீர்ந்தால் சித்தப்பா கொண்டுவந்து நிரப்புவார். எத்தனை தடவை கொடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

தை மாதத்தில் கோழிகளுக்கு மறுபடி கறகற வந்தது. இந்தத் தடவை மாத்திரை கேட்கவில்லை. ஒன்றுக்கு இரண்டாகக் கொடுத்தோம். மூன்று கொடுத்தோம். தெருவில் சித்தப்பா வைத்தியம் பார்த்த எந்தக் கோழிக்கும் கேட்கவில்லை. எங்களுடையவை ஒவ்வொன்றாகப் போயின. சேவல் கடைசியாகச் செத்தது. எதிர்வீட்டில் பதினொன்றில் ஒன்பது மேய்ந்துகொண்டிருந்தன. கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தவர்களெல்லாம் அக்காவின் வாசலுக்குப் போய் அந்த டாக்டருடைய ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கேட்டார்கள்.

அதே வாரத்தில் தங்கைக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, அந்தச் சிவப்புப் பெட்டை மூச்சு விட்டது போலவே விட்டாள். அம்மா யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவைப் பிடித்துவிட்டாள். சித்தப்பா ஓடிவந்து ஏறிக்கொண்டார். என்னைத் தனியாக விட ஆளில்லாததால் நானும் போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் தங்கையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே அம்மாவிடம் பேசினார்.

"இதுக்கு முன்னாடி இருமலுக்கு என்ன மருந்து குடுத்தீங்க? கடையில வாங்கி ஏதாவது குடுத்தீங்களா? திட்டமாட்டேன்மா, சொல்லுங்க. தெரிஞ்சாதான் எந்த ஊசி போடுறதுன்னு நான் முடிவு பண்ண முடியும்."

அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா டாக்டரைப் பார்த்தார்.

"இருமல் டானிக்குதான் மேடம். வேற ஒன்னியும் குடுக்கல."

என் கை அவர் கைக்குள் இருந்தது. என் விரல் நுனியெல்லாம் மஞ்சள். அவர் என் கையை அழுத்தினார். வலிக்கிற மாதிரி இல்லை. ஆதரவாக, நாம் இரண்டு பேரும் ஒரு கட்சி என்பது போல. டாக்டர் என்னையும் ஒரு முறை பார்த்தார். பாப்பா, உனக்குத் தெரியுமா என்று கேட்பது போல இருந்தது. நான் தலையை ஆட்டினேன், தெரியாது என்று. யாருமே கேட்காத கேள்விக்கு, சத்து மாத்திரை என்று கூடச் சொல்லாமல், தெரியாது என்று.

தங்கை பிழைத்தாள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதலில் போட்ட ஊசி கேட்காமல், மூன்றாம் நாள் மருந்தை மாற்றினார்கள். அந்த மூன்று நாள் அம்மா அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மூன்று நாள் மிச்சமாகியிருக்குமா, தெரியாது. எந்த டாக்டராலும் இனி அதைச் சொல்ல முடியாது.

ஏழு வயதில் தங்கைக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. பழுப்பும் சாம்பலுமாக, பட்டை பட்டையாக. கூடப் படித்த பிள்ளைகள் 'பீடிப் பல்லு' என்றார்கள். அம்மா கரியும் உப்பும் போட்டு ஈறில் ரத்தம் வரத் தேய்த்துவிட்டாள். தண்ணீர்தான் காரணம் என்றார் சித்தப்பா. இந்தப் பக்கத்துத் தண்ணீர் அப்படி என்றார். அதே தண்ணீரைக் குடித்த என் பல் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தங்கை கையால் வாயை மறைத்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டாள். பிறகு சிரிக்காமலே இருக்கக் கற்றுக்கொண்டாள்.

போன வருடம் வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடையில் அவளை வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாள் சூப்பர்வைசர், வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று சொன்னார். சிரித்தாள். மறுநாள் அவளை மூன்றாம் மாடிக் கோடவுனில் போட்டுவிட்டார்கள். இன்னும் அங்கேதான் அட்டைப்பெட்டி பிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் நான் அவளைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் வாயைப் பார்த்த உடனே, சின்னப் பிள்ளையில் டெட்ராசைக்ளின் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். பல் உள்ளே உருவாகிற வயதில் அந்த மருந்து போனால் பல்லிலேயே தங்கிவிடும், தேய்த்தால் போகாது என்றார். எட்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்பது ரொம்பக் காலமாகவே தெரிந்த விஷயம், மருந்தோடு வருகிற காகிதத்திலேயே போட்டிருக்கும் என்றார்.

காகிதம் என்றதும் எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது.

நான் ராயபுரத்தில் ஒரு இறால் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஏற்றுமதி ஆகிற இறாலில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்புவது என் பிரிவு. தூசி அளவு தெரிந்தால் கூட முழு லோடும் நிறுத்தப்படும், எந்தக் குட்டையிலிருந்து வந்தது, யார் என்ன மருந்து போட்டார்கள் என்று விசாரணை நடக்கும். எங்கேயோ ஒருவன் தட்டில் வைத்துத் தின்னப்போகிற இறாலுக்கு இத்தனை கேள்வி. என் தங்கைக்கு ஒரு கேள்வி கூட இல்லை. கேட்ட ஒரே ஒரு டாக்டருக்கும் நாங்கள் பொய் சொன்னோம்.

சித்தப்பாவின் கடைக்குப் போய்க் கேட்டேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல யாருக்கும்மா இதெல்லாம் தெரியும்? கொயந்த பொயச்சிதா இல்லியா? பல்லுதானே, வுடு" என்றார்.

நான் அங்கே நிற்கும்போதே ஓர் ஆள் வந்து, சளி என்று இரண்டு நாளைக்கு மாத்திரை கேட்டார். சீட்டு இல்லை. சித்தப்பா அட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டி நான்கு கேப்சூல் கொடுத்தார். அடுத்து வந்த பெண் கோழிக்கு என்றார். அவருக்கும் வெட்டினார். அதே அட்டையின் மீதி.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கொரோனா காலத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தவர். என் பள்ளிக்கூட பீஸ் இரண்டு வருடம் கட்டியவர். அதனால்தான் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். "வுட்டுருடி, குடும்ப மானம்" என்கிறாள் அம்மா. தங்கையிடம் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது, என் பேரைப் போடாதே என்றாள். போடவில்லை.

என் பங்கை நான் மறைக்கவில்லை. ஊட்டியது என் கை. ஆஸ்பத்திரியில் தலையை ஆட்டியது என் தலை. ஆனால் அன்று எனக்கு எட்டு வயது சித்தப்பா, உங்களுக்கு இருபத்தைந்து.

அன்று உங்கள் விரல் தாண்டியபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா சித்தப்பா? அந்த வரியில் ஏதோ கஷ்டமான வார்த்தை இருக்கிறது, உங்களுக்கு வாசிக்க வரவில்லை, என்னை மாதிரியே தாண்டிப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் உங்களுக்கு வெட்கமாக இருக்குமே என்று, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு பெரியவர், தெரிந்த ஒன்றையும் தாண்டிப் போகலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சால்வை போட்ட பிறகு மைக் உங்கள் கைக்கு வரும். அதே மருந்தின் காகிதம் ஒன்றை நான் மடிக்காமல் கொண்டுவருகிறேன். தெரு முழுக்க இருக்கும். எதிர்வீட்டு அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். நெஞ்சுச் சளி என்ற இடத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாருங்கள். விரலை எடுக்காதீர்கள். குழந்தைகளைப் பற்றிய வரி வரும்போது நிறுத்தி, ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அன்று அதைப் படிக்கத் தெரியாமல் தாண்டினீர்களா, படித்துவிட்டுத் தாண்டினீர்களா?

என்னிடம் சொல்ல வேண்டாம். தங்கை முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்த்து, மைக்கில் சொல்லுங்கள்.